ஆள் கிடைக்குதில்லையாம்!

மட்டக்களப்பில் பெரும் பஞ்சம் ஒன்று வந்திருக்கிறது. அரிசிக்கும் தண்ணீருக்கும் இல்லை, ஆளுக்குப் பஞ்சம். கல்லடியில் கேட்டாலும் சரி, களுவாஞ்சிகுடியில் கேட்டாலும் சரி, கோயில் வீதியிலும் கலியாணப் பந்தியிலும் செத்த வீட்டுப் பந்தலிலும் ஒரே ஒப்பாரிதான். "கிணறு இறைக்க ஆள் கிடைக்குதில்ல." "தேங்காய் பிடுங்க ஒருத்தனும் வாறானில்ல." "இப்பத்தப் பொடியன்மாருக்கு முதுகு வளையாது. போனைத் தடவத்தான் கை இருக்கு."

ஒப்பாரி வைப்பவர் அநேகமாகச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருப்பார். பென்சன் எடுக்கத் தொடங்கிப் பல வருடம் ஆகியிருக்கும். சேவைக் காலத்தில் ஒருநாளாவது மண்வெட்டி பிடித்தவரா என்று கேட்டு அவரை அவமானப்படுத்திவிடாதீர்கள். பிடித்திருக்கிறார். மரநடுகை வைபவத்தில், கமராவுக்கு முன்னால், பிடியில் ரிப்பன் கட்டிய மண்வெட்டி.

இந்த ஐயாவின் வளவில் வேலைக்குப் போன ஒரு பொடியனின் நிலையைப் பார்ப்போம்.

"சின்ன வேலைதான் மனே. மலசலகூடக் குழி நிரம்பிட்டு. அள்ளிப் பின்வளவில தாட்டுவிட்டாச் சரி. ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சிரும்."

"எவ்வளவு தருவீங்க ஐயா?"

"நீ நம்மட பொடியன்தானே. பாத்துத் தருவம்."

கழிவு உறிஞ்சும் பவுசருக்குக் கட்டணம் கட்ட ஐயாவுக்கு மனமில்லை. பவுசர் ரசீது தரும். "பாத்துத் தாங்க" என்று அது நிற்காது. பொடியன் நிற்பான். ஒரு மணித்தியால வேலை மத்தியானம் தாண்டி இரண்டு மணிக்கு முடிகிறது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாவும், ஐயாவின் மகன் போட்டுப் பழசாக்கிய சேர்ட் ஒன்றும் கைக்கு வருகின்றன. சேர்ட் கொடுத்ததை ஐயா ஊர் முழுக்கச் சொல்வார். ஆயிரத்து ஐந்நூறைச் சொல்லமாட்டார். மறுமுறை கூப்பிட்டால் பொடியன் போனை எடுக்கிறானில்லை. உடனே தீர்ப்பு: "உழைக்க மனமில்லாத சந்ததி."

இதே ஐயாவுக்கு அரசாங்கம் அந்தக் காலத்தில் "நீர் நம்முடைய ஆள்தானே, சம்பளத்தைப் பார்த்துத் தருவோம்" என்று நியமனக் கடிதம் அனுப்பியிருந்தால் மனுசன் கடமையைப் பொறுப்பேற்றிருப்பாரா? சம்பள ஏற்றம் ஒரு மாதம் பிந்தினால் கச்சேரிப் படியில் நின்று கத்தியவர் அவர். அது உரிமை. பொடியன் கூலியை முன்கூட்டிக் கேட்டால் அது திமிர்.

நடுவில் ஒரு தேத்தண்ணி வந்ததையும் சொல்லவேண்டும். வீட்டு அலுமாரியில் கண்ணாடிக் கிளாஸ் இரண்டு டசின் அடுக்கியிருக்கிறது. பொடியனுக்கு வந்தது, பைப்படியில் எப்போதும் கவிழ்த்தே கிடக்கிற பிளாஸ்ரிக் கோப்பையில். ஐயா சாதி பார்ப்பதில்லை. மேடையில் அவரே சொல்லியிருக்கிறார். உண்மைதான். அவர் ஏன் பார்க்கவேண்டும்? கோப்பை பார்த்துக்கொள்கிறதே.

இந்தச் "சோம்பேறிகளை" நேரில் காண ஆசைப்படுகிறவர்கள் விடிய ஐந்தரைக்கு மண்முனைப் பாலத்தடிக்குப் போகலாம். 2014 ஏப்ரலில் அந்தப் பாலம் திறக்கும்வரை வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரைச் சனம் அந்த இடத்தில் அக்கரைக்கு வந்தது "பாதை" என்கிற மிதவையில். அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையில், மண்டூருக்கும் குறுமண்வெளிக்கும் இடையில் பாதைதான் நெடுங்காலம் ஆளையும் சைக்கிளையும் சுமந்தது. இப்போது கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு, முதலைக்குடா என்று உள்ளூர்களிலிருந்து பாலத்தால் சைக்கிள்கள் வரும். ஹாண்டிலில் சோத்துப் பார்சல் தொங்கும். கரியரில் மட்டப்பலகையும் சீமெந்து காய்ந்த வாளியும் கட்டியிருக்கும். ஒரு ஓட்டோவுக்குள் ஐந்தாறு பெண்கள் நெருக்கியடித்து இருப்பார்கள்: கடைக்கு, வீட்டு வேலைக்கு, அரிசி ஆலைக்கு. ஆரையம்பதியும் காத்தான்குடியும் கல்லடியும் புளியந்தீவும் கண் விழிக்கும்போது முற்றம் கூட்டியாகிவிட்டது, கடைவாசலுக்குத் தண்ணீர் தெளித்தாகிவிட்டது, கட்டடத்துக்கு மணல் அரித்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஐயா பத்திரிகையை விரித்து, இளைஞர்கள் கெட்டுப்போனது பற்றிய கட்டுரையை வாசித்துத் தலையை ஆட்டுகிறார்.

படுவான்கரையில் கூலிக்குப் போவதற்கு ஒரு காலத்தில் உயிரே விலையாக இருந்தது. 1987 ஜனவரியில் மகிழடித்தீவு இறால் பண்ணையில் வேலைக்கு நின்றவர்கள் விசேட அதிரடிப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்று காலையில் அவர்கள் செய்த குற்றம், வேலைக்கு நேரத்துக்குப் போனது. அந்த ஊரின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்தான் இன்று உழைப்பின் அருமை பற்றி வகுப்பு எடுக்கிறோம்.

நம்முடைய ஊரில் வேலைகள் மூன்று வகை. இருந்து செய்வது, நின்று செய்வது, குனிந்து செய்வது. இருந்து செய்வது உத்தியோகம். நின்று செய்வது தொழில், அதுவும் மனமிரங்கிச் சொன்னால். குனிந்து செய்வதைச் செய்கிறவனுக்குப் பெயரே கிடையாது, "டேய்" போதும். உடம்பு எவ்வளவு வளைகிறதோ அவ்வளவுக்கு மரியாதை குறையும், கூலியும் குறையும். வயலில் நாள் முழுக்கக் குனிந்து களை பிடுங்கும் பெண்ணுக்கு, பக்கத்து வயலில் வரம்பு கட்டும் ஆணைவிடக் கூலி குறைவு. ஏனென்று போடியாரைக் கேட்டால், "பொம்புளதானே" என்பார். களைக்குத் தெரியுமா யார் பிடுங்கினது என்று?

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேணும்" என்ற முதுமொழியைச் சிரித்துச் சிரித்துச் சொல்வோம். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அது சுத்தமான கணக்கு. கோறணமேந்துக் கோழிக்கு வருடத்தில் 45 நாள் லீவு. வெள்ளம் வந்தால் விசேட விடுமுறை. வங்கியில் கடன். அறுபதில் பென்சன். தனியார் கோழிக்கு மாரியில் மழை பெய்தால் அன்றைய அடுப்பு எரியாது. 2011 ஜனவரியில் மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தபோது கந்தோர்க்காரருக்குச் சம்பளம் வெட்டப்படவில்லை. கூலிக்காரனின் சம்பளத்தை வெட்டவேண்டிய தேவையே இல்லை, அது தானாகவே இல்லாமல் போனது.

இலக்கத்தில் சொன்னால் இன்னும் விளங்கும். நாட்டில் எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவான ஆகக் குறைந்த சம்பளம் என்று ஒரு சட்டம் வந்ததே 2016இல்தான். மாதம் 10,000 ரூபா. 2021இல் அதை 12,500 ஆக்கினார்கள். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்தைத் தொட்டது. பாண் விலையும் பால்மா விலையும் எகிறின. சட்டச் சம்பளம் மட்டும் அசையாமல் அதே 12,500இல் தவமிருந்தது. 2024இல்தான் கண் திறந்து 17,500 ஆனது. 2025 ஏப்ரலில் இருந்து 27,000, 2026 ஜனவரியில் இருந்து 30,000 என்று பிறகு உயர்த்தினார்கள். அதே 2025இல் அரசாங்கம் தன் சொந்த ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இல் இருந்து கட்டம் கட்டமாக 40,000 ஆக்க முடிவெடுத்தது. அரசாங்கத்தின் வாசலில் நிற்கும் வயிற்றுக்கு 40,000 வேணும், கடை வாசலில் நிற்கும் வயிற்றுக்கு 30,000 போதும் என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. அப்படியிருக்க, பிள்ளை கோறணமேந்து வேலைக்குக் காத்திருந்தால் அது யார் சொல்லிக்கொடுத்த பாடம்?

2017 பெப்ரவரியில் மட்டக்களப்பின் வேலையற்ற பட்டதாரிகள் காந்தி பூங்காவில் சத்தியாக்கிரகம் தொடங்கி மாதக்கணக்கில் இருந்தார்கள். மோட்டார் சைக்கிளில் போனவர்கள் வேகத்தைக் குறைத்துப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள்: "ஏன் அரசாங்கத்த நம்பிக் கிடக்கிறீங்க? ஒரு கைத்தொழிலச் செய்யலாமே!" நல்ல புத்திதான். அந்தப் புத்தியைக் கேட்டு ஒரு பட்டதாரி மேசனுக்குக் கையாளாகப் போகட்டும். அதே ஆட்கள் அதே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "கம்பஸ் முடிச்சும் இப்பிடியா மனே?" என்று உச்சுக் கொட்டுவார்கள். போகாவிட்டால் படித்த திமிர், போனால் படித்தும் விதி. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் வந்தது 1986இல். அன்றிலிருந்து பிள்ளைகளுக்குப் பட்டம் கொடுத்தோம். பட்டத்தோடு எந்தக் கதிரையில் இருக்கலாம் என்று சொன்னோம். எந்த வேலையைத் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லிக் கொடுத்தோம். இப்போது அவர்கள் தொடுவதில்லை என்று கோபிக்கிறோம்.

2020இல் அரசாங்கம் நாடு முழுவதும் 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா படிக்குப் பயிலுனராக எடுத்தது. ஆளுக்கு ஒரு நியமனக் கடிதம் கிடைத்தது. கதிரைதான் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஒரு மேசையைச் சுற்றி நாலு பேர் இருந்து, ஒரு பதிவேட்டை முறை வைத்து விரித்தார்கள். என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியாது, அனுப்பியவர்களுக்கும் தெரியாது. ஆனாலும் மாலையில் வீட்டுக்குப் போகும்போது ஊர் எழுந்து நின்றது. உத்தியோகமல்லவா! ஒன்றுமே செய்யாமல் இருந்தவருக்கு மரியாதை. ஒரு சுவரை எழுப்பிவிட்டு வந்தவன் கேற்றுக்கு வெளியே செருப்பைக் கழற்றவேண்டும்.

இதற்கெல்லாம் சிகரம் 2022 ஜூன். அதற்கு முந்திய வருடம் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்து, படுவான்கரை வயல்காரனின் வயிற்றில் அடித்திருந்தார்கள். அரைகுறை விளைச்சலோடு அவன் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்த வேளையில் டீசலும் இல்லை, டொலரும் இல்லை. அமைச்சரவை கூடி யோசித்தது. அரச ஊழியருக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு, சம்பளத்தோடு. வீட்டில் இருந்து தோட்டம் செய்யட்டும் என்று முடிவெடுத்தது. பரம்பரையாக விவசாயம் செய்கிறவனுக்கு உரம் இல்லை. கோவை தூக்கியவருக்கு விவசாயத்துக்குச் சம்பளத்தோடு லீவு! அந்த வெள்ளிக்கிழமைகளில் விளைந்த கத்தரிக்காய் எத்தனை கிலோ என்று இதுவரை எந்தக் கணக்காய்வாளரும் கேட்கவில்லை. அநேக வீடுகளில் தோட்டம் கொத்த ஆள் கூப்பிட்டிருப்பார்கள் என்பது என் அனுமானம். "ஆள் கிடைக்குதில்ல" என்றும் சொல்லியிருப்பார்கள்.

இனிக் கலியாணத்துக்கு வருவோம். நம்முடைய ஒழுக்கமெல்லாம் அவிழ்ந்து விழும் இடம் அது.

மட்டக்களப்பில் பெண் பிள்ளை பிறந்தால் வீடு கட்டியாகவேண்டும். தாய்வழிக் குடி மரபு. தமிழருக்கும் அப்படித்தான், முஸ்லிம்களுக்கும் அப்படித்தான். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவான். ஆகவே ஒவ்வொரு மகளுக்கும் ஒரு சீதன வீடு. அந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுகிறவன் ஒருவன். கல் வைத்து, பூசி, மட்டம் பார்ப்பவன் ஒருவன். கூரை வேலை செய்யும் ஓடாவி ஒருவர். தரைக்கு ரைல்ஸ் பதிக்கும் பொடியன் முழங்காலில் நின்றே அறை அறையாக நகர்வான். பென்சிலைக் காதில் செருகி, நூல் பிடித்து, ஒரு மூலையில் நூலளவு பிசகினால் கழற்றி மறுபடி பதிப்பான். அந்த வீட்டில் யாருக்காவது நேர்த்தி என்றால் என்னவென்று தெரியுமென்றால் அவனுக்குத்தான்.

வீடு முடிகிறது. மாப்பிள்ளை பார்க்கிறார்கள். தரகர் கேட்கிறார்: "நம்மட ரைல்ஸ் பதிச்ச பொடியன் நல்ல பொடியன். குடிக்கிறதில்ல. கையில தொழில் இருக்கு. கேட்டுப் பாப்பமா?" தகப்பனின் முகம் சிவக்கிறது. "என்னத்தப் பேசுறீங்க? என்ட பிள்ளைக்குக் கூலிக்காரனா?" கடைசியில் பிரதேச செயலகத்து மாப்பிள்ளை ஒருவர் வாய்க்கிறார். அதே ரைல்ஸில் வலது காலை எடுத்து வைத்து நுழைகிறார். கலியாணப் படத்தைச் சுவரில் மாட்ட ஆணி அடிக்கத் தெரியாது. ரைல்ஸ் பொடியனுக்குப் போன் போகிறது: "தம்பி, ஒரு ஆணிதான். வந்துட்டுப் போங்க." தம்பிக்கு வேறு இடத்தில் வேலை. மாப்பிள்ளை பெருமூச்சு விடுகிறார்: "மாமா, இந்த ஊர்ல வேலைக்கு ஆள் கிடைக்குதில்ல."

அந்த வீட்டின் கல்லுக்கும் சீமெந்துக்கும் காசு எங்கே இருந்து வந்தது? பாதி வீடுகளில் அதைக் கேட்கக்கூடாது. அம்மா சவுதியில், குவைத்தில், கட்டாரில் இன்னொருத்தியின் வீட்டைக் கூட்டி, இன்னொருத்தியின் பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்பிய காசு. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் "தாயார் வெளிநாட்டில" என்று மெதுவாகச் சொல்வார்கள். லண்டன் என்றால் தெருப் பெயரோடு சொல்லும் வாய், குவைத் என்றால் "வெளிநாடு" என்பதோடு நின்றுவிடும். அவள் காசில் கட்டின வீட்டின் புகுமனைக்கு அவளே இல்லை. இருந்தாலும் பந்தியில் பேச்சு வேறாக இருக்கும்: "தாய் போனாள், அதுதான் பிள்ளைகள் கெட்டுது." வீட்டில் இருந்து அவள் காசைக் குடித்த தகப்பனைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அவர் ஆம்பிள, அவருக்கு ஓய்வு தேவை.

அரசாங்கமும் இதே பந்தியில்தான் இருந்து சாப்பிடுகிறது. மூதூர் றிசானா நபீக்கை மறந்திருக்க மாட்டீர்கள். 2005இல், வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டோடு சவுதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. தன் கையில் விடப்பட்ட குழந்தை இறந்த வழக்கில் 2013 ஜனவரி 9ஆம் திகதி தலை வெட்டிக் கொல்லப்பட்டாள். அதே வருடம் அரசாங்கம் விழித்துக்கொண்டு ஒரு விதி கொண்டுவந்தது: சின்னப் பிள்ளைகள் உள்ள தாய்மார் வெளிநாட்டு வேலைக்குப் போகக்கூடாது; போவதற்குக் குடும்பப் பின்னணி அறிக்கை வேணும். பொய்க் கடவுச்சீட்டுச் செய்தவனின் குடும்பப் பின்னணியை யாரும் கேட்கவில்லை. 2022இல் டொலர் இல்லாமல் போனதும் அந்த விதி தளர்ந்தது. தாய்ப்பாசத்துக்கும் ஒரு நாணயமாற்று வீதம் உண்டு. உள்ளூரில் வீட்டு வேலை செய்கிற பெண்ணின் கதையும் அதேதான். 2016இன் ஆகக் குறைந்த சம்பளச் சட்டம் எல்லாத் தொழிலாளருக்கும் என்றது; வீட்டு வேலையாளை மட்டும் வெளியே நிறுத்தியது. சட்டம் எழுதிய கனவான்கள் வீட்டிலும் சமையலுக்கு ஒரு ஆள் இருந்திருக்கும் அல்லவா?

கடல் கடந்தால் வேலையின் நாற்றம் போய்விடும் என்பது நம்முடைய இன்னொரு கண்டுபிடிப்பு. ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினால் குடும்ப மானம் போகும். பாரிஸில் கழுவினால் குடும்பமே நிமிர்ந்து நடக்கும். உன்னிச்சையில் மாடு பார்த்தால் பட்டிக்காரன்; இஸ்ரேலில் தோட்டத்தில் நின்றால் "பொடியன் வெளிய போயிட்டான்." கொரியாவுக்குப் போவதற்கு மொழிப் பரீட்சை எழுதுகிறார்கள், அங்கே போய்ச் செய்வது தொழிற்சாலை வேலை, பண்ணை வேலை, மீன்பிடி வேலை. வாவியில் வீச்சுவலை எறிந்தால் எந்தப் பரீட்சையும் இல்லை, எந்த மரியாதையும் இல்லை. ஆகவே பொடியன்மார் வேலைக்கு வெட்கப்படுகிறார்கள் என்பது பச்சைப் பொய். அவர்கள் கூலிக்கும் "டேய்"க்கும் வெட்கப்படுகிறார்கள். அந்த இரண்டும் மாறுகிற நாட்டுக்குக் கடன்பட்டாவது போகிறார்கள். உங்கள் கிணற்றை இறைக்கவேண்டிய கை அங்கே மீன் வெட்டிக்கொண்டிருக்கிறது.

ஊரிலேயே நிற்கிறவளைப் பார்ப்போம். துணிக்கடைக்குள் போங்கள். காலை ஒன்பதுக்கு நிற்கத் தொடங்கியவள், இரவு எட்டுக்கும் நிற்கிறாள். சேலை விரிக்கிறாள், மடிக்கிறாள், வாங்காமல் போகிறவருக்கும் சிரிக்கிறாள். வாடிக்கையாளருக்குக் கதிரை உண்டு, முதலாளிக்குச் சுழல் கதிரை உண்டு, சாமிப் படத்துக்குத் தட்டு உண்டு. அவளுக்கு ஒரு ஸ்டூல் கிடையாது. இருந்தால் சோம்பேறியாம். கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடையில் வேலை செய்கிறவர் இருப்பதற்கு ஆசனம் கொடுக்கவேண்டும் என்று சட்டமே போட்டன. ஒரு மனுசிக்குக் கால் வலிக்கும் என்பதைச் சட்டசபையில் வாக்கெடுத்து நிரூபிக்கவேண்டியிருந்தது என்றால் முதலாளிமாரின் மனசாட்சியைப் பற்றி நான் என்ன எழுத?

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம் கட்டவேண்டும். தற்காலிகம், நாட்கூலி என்ற சாக்குச் செல்லாது. அந்தச் சட்டத்துக்கே அறுபது தாண்டி, உத்தியோகமாக இருந்திருந்தால் பென்சன் எடுக்கும் வயதாகிவிட்டது. இன்னும் நம்முடைய கடைத்தெருவில் "ஈ.பி.எப். இருக்கா?" என்று கேட்டால், ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல முதலாளி பார்க்கிறார். அவரும் நம்முடைய பென்சன்கார ஐயாவும் சேர்ந்து கோயில் பரிபாலன சபையில் இருந்து, 2023இல் வந்த அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவு பற்றி ஆராய்வார்கள். மிக வறிய குடும்பத்துக்கு அது தொடங்கியபோது மாதம் 15,000 ரூபா. "சும்மா காசு குடுத்தா மனுசன் சோம்பேறியாகிப் போவான்" என்று சபை ஏகமனதாகத் தீர்மானிக்கும். ஐயாவின் பென்சன் அவர் உழைத்ததற்கு; நான் மறுக்கவில்லை. நாற்பது வருடம் சாந்து சுமந்தவனின் பென்சன் எங்கே என்றுதான் கேட்கிறேன்.

உழைப்பின் மாண்பு பற்றிப் போதிக்க நம்மிடம் ஆளுக்குக் குறைவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் வந்து, குளிரூட்டிய மண்டபத்தில் வாழ்வாதாரப் பயிற்சி நடத்தின. நாவலடியில் வீடும் வலையும் இழந்தவர்களைக் கூட்டி, நிறப் பென்சிலால் கனவை வரையச் சொன்னார்கள். தையல் மெசின் கொடுத்தார்கள், ஆடு கொடுத்தார்கள், கோழியும் கொடுத்தார்கள். மேய்ப்பதற்குக் கோறணமேந்துதான் இல்லை. காந்தி பூங்காவில் சிலைக்கு மாலை போடுகிறோம். 1901இல் கல்கத்தா காங்கிரசில் பிரதிநிதிகள் அசிங்கப்படுத்திய மலசலகூடத்தைத் தானே விளக்குமாறு எடுத்துச் சுத்தம் செய்த மனுசனின் சிலை அது. மாலை போட்டவர்கள் போன பிறகு வாடிய பூவை அள்ளுகிற மாநகர சபைத் தொழிலாளியை யாராவது படம் எடுத்திருக்கிறார்களா?

ஒருவர் சொல்லாமல் செய்தார். அமெரிக்காவின் லூசியானாவில் இருந்து வந்த இயேசுசபைத் துறவி யூஜின் ஹேபியர் அடிகளார். புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்றுநராக அவரை ஊர் இன்னும் கொண்டாடுகிறது. அதே மனுசன் மட்டக்களப்பின் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பொறுப்பேற்று, படிப்பை இடையில் விட்ட பொடியன்மாருக்குத் தொழில் பழக்கினார். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையில் இருந்து ஸ்கூட்டரில் திரும்பும் வழியில், உடன் வந்த பொடியனோடு காணாமல் போனார். பந்து போட்டதைப் பேசுகிறோம். தொழில் பழக்கியதைப் பேசுவதில்லை. அது கூலிக்காரர் சமாச்சாரம்.

கதிரைக்கும் கூலிக்கும் நடுவில் ஒரு வழி இருந்த காலமும் உண்டு. 1950களில் வாழைச்சேனையில் காகித ஆலை வந்தது. சூடு அடித்த பிறகு எரிக்கிற வைக்கோல் அங்கே காகிதமானது. கறுத்த கையோடு ஆலைக்குப் போனவனுக்கு மாதச் சம்பளம், சேமலாப நிதி, தொழிற்சங்கம் எல்லாம் இருந்தன. அவனுக்குப் பெண் கொடுக்க ஆளும் இருந்தது. உடம்பால் உழைப்பது அவமானம் என்று அந்த வீடுகளில் யாரும் சொல்லவில்லை. போர் வந்தது, ஆலை தேய்ந்தது, இயந்திரம் துருப்பிடித்தது. கதிரைக்கும் கூலிக்கும் நடுவில் இருந்த படி உடைந்தது. உடைந்த படியைக் கட்டாமல், கீழே நிற்கிறவனைப் பார்த்து "ஏறத் தெரியாதவன்" என்கிறோம்.

போதும். ஆள் தேடுகிற அன்பர்களே, உங்களுக்குச் செலவில்லாத சில யோசனைகள். வேலைக்கு வருமுன் கூலியைச் சொல்லுங்கள். சொன்னதை அன்று பின்னேரமே கையில் கொடுங்கள். பழைய சேர்ட்டை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தேத்தண்ணியை நீங்கள் குடிக்கிற கிளாஸில் கொடுங்கள். கடைக்கார முதலாளி, அவளுக்கு ஒரு ஸ்டூல் வாங்குங்கள், 12 வீதத்தைக் கட்டுங்கள். போடியார், களை பிடுங்குகிறவளுக்கும் வரம்பு கட்டுகிறவனுக்கும் ஒரே கூலி கொடுங்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற தகப்பன்மாரே, உங்கள் வீட்டைக் கட்டினவனை ஒருமுறையாவது மனுசனாக நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒருத்தனும் வேலைக்கு வராவிட்டால், பொடியன்மார் சோம்பேறிகள் என்று தாராளமாகச் சொல்லுங்கள். நானும் கூட நின்று சொல்லுகிறேன்.